ஒரு கம்ப்யூட்டர், ஒரு மானிட்டர், ஒரு ப்ரொஜெக்டர்: குறைஞ்ச செலவுல இணைக்கிறது எப்படி?

இந்த எபிசோட் முழுக்க ஒரே ஒரு கேள்விதான். கும்பகோணம் பக்கத்துல பத்தாம் வகுப்புக்கு டியூஷன் எடுக்கிற ஒரு டீச்சர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. கொஞ்சம் சுருக்கிச் சொல்றேன்.

"அண்ணா, எங்க சென்டர்ல பழைய டெஸ்க்டாப் ஒண்ணு இருக்கு. ஒரு ப்ரொஜெக்டர் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். இப்போ மானிட்டர் வயரைக் கழட்டித்தான் ப்ரொஜெக்டர்ல மாட்டுறேன். கிளாஸ் முடிஞ்சதும் திரும்ப மானிட்டர்ல மாட்டுறேன். பசங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு சுவத்தைப் பார்த்தே மவுஸ் நகர்த்த வேண்டியிருக்கு. போன வாரம் மாதிரித் தேர்வு கேள்வித்தாள் திறக்கப் போய், பக்கத்துல இருந்த விடைத்தாளும் சுவத்துல தெரிஞ்சிடுச்சு. ரெண்டுலயும் வேற வேற தெரியணும்னா கிராபிக்ஸ் கார்டு வாங்கணும், ஏழாயிரம் ஆகும்னு கடையில சொல்றாங்க. நிஜமாவா?"

ஏழாயிரம்ங்கறது ஒரு டியூஷன் சென்டருக்குச் சின்னத் தொகை இல்ல. பத்துப் பதினைந்து பசங்களோட ஒரு மாச ஃபீஸ் அது. அதனால, வாங்க வேண்டியது என்ன, வாங்கக் கூடாதது என்னன்னு நிதானமாப் பார்ப்போம்.

முதல்ல டீச்சருக்கு உண்மையில என்ன வேணும்னு தெளிவாக்கிக்கணும். இரண்டு திரையை ஒரு கம்ப்யூட்டர்ல மாட்டினா, அது ரெண்டு விதமா வேலை செய்யும். ஒண்ணு டூப்ளிகேட்: மானிட்டர்ல என்ன தெரியுதோ அதுவே சுவத்துலயும் தெரியும். இன்னொண்ணு எக்ஸ்டெண்ட்: மானிட்டர் ஒரு மேசை, சுவர் பக்கத்துல போட்ட இன்னொரு மேசை மாதிரி. எந்த விண்டோவை அந்தப் பக்கம் தள்ளுறோமோ அது மட்டும்தான் பசங்களுக்குத் தெரியும். விடைத்தாள், மார்க் லிஸ்ட், வாட்ஸப் வெப் எல்லாம் நம்ம பக்கம் இருக்கும்.

கல்யாண மண்டபத்துல போட்டோ ஓட்டுறவங்களுக்கு டூப்ளிகேட் போதும். பாடம் எடுக்கிறவங்களுக்கு எக்ஸ்டெண்ட்தான் வேணும். இந்த ஒரு விஷயத்தை முடிவு பண்ணாம கடைக்குப் போனா, அங்கே இருக்கிறதைத்தான் நம்ம தலையில கட்டுவாங்க. ஏன்னா 'ஸ்ப்ளிட்டர்'னு கேட்டா ஸ்ப்ளிட்டர் கொடுப்பாங்க, அது எக்ஸ்டெண்ட் பண்ணவே பண்ணாது. வர்ற ஒரே படத்தை ரெண்டாப் பிரிச்சு அனுப்புறது மட்டும்தான் அதோட வேலை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அதுதான்.

சரி, லேப்டாப் வச்சிருக்கிறவங்க ஒரு நிமிஷம். நீங்க எதுவுமே வாங்க வேண்டாம். லேப்டாப்போட சொந்தத் திரையே மானிட்டர். எச்டிஎம்ஐ கேபிளை ப்ரொஜெக்டர்ல மாட்டி, விண்டோஸ் பட்டனையும் 'பி'யையும் சேர்த்து அழுத்தி, 'எக்ஸ்டெண்ட்'டைத் தேர்ந்தெடுத்தா முடிஞ்சது. இதைச் சொல்லிக் கொடுக்காமலே எத்தனையோ பேருக்கு ஸ்ப்ளிட்டர் விற்கிறாங்க.

இப்போ டெஸ்க்டாப். நான் டீச்சர்கிட்ட முதல்ல கேட்டது, "சிபியூவுக்குப் பின்னாடி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க"ன்னுதான். இதே வேலையை நீங்களும் செய்யுங்க. டார்ச் அடிச்சுப் பார்த்தா என்னென்ன தெரியும்னு சொல்றேன்.

நீல நிறத்துல, மூணு வரிசையில பதினைந்து ஓட்டை, ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ: அது விஜிஏ. 1987-ல ஐபிஎம் கம்பெனி கொண்டு வந்தது, இன்னும் நம்ம ஊர்ல உயிரோட இருக்கு. அனலாக் சிக்னல், சத்தம் போகாது, படம் மட்டும்தான். தட்டையா, கீழ்ப்பக்கம் கொஞ்சம் குறுகி இருக்கிறது எச்டிஎம்ஐ. இது டிஜிட்டல், சத்தமும் சேர்ந்தே போகும். ஒரு மூலை மட்டும் வெட்டின மாதிரி இருந்தா டிஸ்ப்ளே போர்ட். ஆஃபீஸ்கள்ல இருந்து கழிச்சு விக்கிற சின்ன டெஸ்க்டாப்கள்ல இது பெரும்பாலும் இருக்கும், சிலதுல ரெண்டு இருக்கும். வெள்ளையா, அகலமா, நிறைய ஓட்டையோட இருந்தா டிவிஐ.

டீச்சர் அனுப்பின போட்டோவுல மதர்போர்டுலயே ஒரு விஜிஏ, ஒரு எச்டிஎம்ஐ ரெண்டும் இருந்தது. மானிட்டர் விஜிஏ-வுல மாட்டியிருந்தது. எச்டிஎம்ஐ துளை சும்மா, தூசி படிஞ்சு கிடந்தது. அவ்வளவுதான் விஷயம். அந்த ரெண்டு துளையும் ஒரே நேரத்துல வேலை செய்யும். இன்டெல் பிராசஸருக்குள்ளேயே இருக்கிற கிராபிக்ஸ், மூன்றாம் தலைமுறையிலிருந்து, அதாவது 2012-லிருந்து, மூணு திரை வரைக்கும் தாங்கும். அதுக்கு முந்தினதும் ரெண்டு தாங்கும். ஏழாயிரம் ரூபாய் கார்டுக்கு இங்கே வேலையே இல்ல. வாங்க வேண்டியது ஒரு நீளமான கேபிள்.

இங்கே ஒரு கேள்வி வரும். எதை எதுல மாட்டறது? மானிட்டருக்கு விஜிஏ-வா, ப்ரொஜெக்டருக்கா? என் கணக்கு இப்படி. விஜிஏ அனலாக்ங்கறதால தூரம் போகப் போக எழுத்தோட ஓரத்துல நிழல் மாதிரி படியும், மங்கும். ஒன்றரை மீட்டர்ல அது கண்ணுக்கே தெரியாது. அதனால பக்கத்துல இருக்கிற மானிட்டருக்கு விஜிஏ இருக்கட்டும், தூரத்துல இருக்கிற ப்ரொஜெக்டருக்கு எச்டிஎம்ஐ போகட்டும். எச்டிஎம்ஐ டிஜிட்டல்ங்கறதால, வந்தா முழுசா வரும், பலவீனமானா பொறி பொறியா புள்ளி அடிக்கும் இல்லன்னா விட்டு விட்டு வரும். அஞ்சு மீட்டர் வரைக்கும் எந்த யோசனையும் வேண்டாம். பத்து மீட்டருக்கு நல்ல கேபிளா பார்த்து வாங்கணும். அதுக்கு மேல போனா சாதாரண கேபிளை நம்ப முடியாது. உள்ளே சிப் வச்ச ஆக்டிவ் கேபிள் வேணும், அதுக்கு எந்த முனை கம்ப்யூட்டர் பக்கம், எந்த முனை ப்ரொஜெக்டர் பக்கம்னு திசை உண்டு. மாத்தி மாட்டினா படம் வராது, கேபிள் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்குவோம்.

கேபிளைச் சுவருக்குள்ள பைப் போட்டு மறைக்கணும்னு நினைக்கிறவங்க கவனிங்க. எச்டிஎம்ஐ தலை அகலமானது, முக்கால் இஞ்ச் பைப்புக்குள்ள சிக்கிக்கும். விஜிஏ தலை அதைவிடப் பெரிசு. பைப்பைப் பெரிசாப் போடுங்க, வளைவுகளைக் குறைங்க, பூசறதுக்கு முன்னாடி கேபிளைத் தரையில விரிச்சுப் போட்டு ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பாருங்க. சிமெண்ட் பூசின பிறகு கேபிள் சரியில்லன்னு தெரிய வந்தா அந்த வேதனையைச் சொல்லி மாளாது. டீச்சர் சுவர் ஓரமா பிவிசி கேசிங் பட்டியைத்தான் ஒட்டியிருக்காங்க. பார்க்கறதுக்கு சுமாரா இருக்கும், ஆனா நாளைக்குக் கழட்டலாம்.

எல்லார் கம்ப்யூட்டரும் டீச்சரோடது மாதிரி இருக்காது இல்லையா? மற்ற நிலைமைகளையும் பார்த்துடலாம்.

துளை வேற, திரையில இருக்கிறது வேறன்னா கன்வெர்ட்டர் வேணும். காசு வீணாகிற இடம் இதுதான். 'எச்டிஎம்ஐ டு விஜிஏ'வும் 'விஜிஏ டு எச்டிஎம்ஐ'யும் ஒண்ணு இல்ல. முதலாவது, கம்ப்யூட்டர்ல எச்டிஎம்ஐ இருந்து, பழைய ப்ரொஜெக்டர்ல விஜிஏ மட்டும் இருந்தா. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். எச்டிஎம்ஐ துளையிலிருந்தே அதுக்கு வேண்டிய கரண்டை எடுத்துக்கும். ரெண்டாவது நேர்மாறு: கம்ப்யூட்டர்ல விஜிஏ, திரையில எச்டிஎம்ஐ. இதுக்குத் தனியா யூஎஸ்பி வயர்ல கரண்ட் கொடுக்கணும், சத்தத்துக்கு ஒரு ஆடியோ வயர் வேற. ரெண்டுமே ஒருவழிப் பாதை. திருப்பி மாட்டினா வேலை செய்யாது. கடையில கேட்கும்போது "எச்டிஎம்ஐ விஜிஏ கன்வெர்ட்டர் கொடுங்க"ன்னு கேட்காதீங்க. "கம்ப்யூட்டர்ல எச்டிஎம்ஐ, ப்ரொஜெக்டர்ல விஜிஏ"ன்னு சொல்லிக் கேளுங்க. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டா இருந்தாலும் சரி, உங்க ஊர் பஸ் ஸ்டாண்ட் கடையா இருந்தாலும் சரி, இப்படிக் கேட்டா தப்பான பொருள் கைக்கு வர வாய்ப்பு குறைவு.

டிஸ்ப்ளே போர்ட் இருந்தா, அதிலிருந்து எச்டிஎம்ஐ-க்குப் போற கேபிள் மலிவாவே கிடைக்கும். அதுவும் ஒருவழிதான், கம்ப்யூட்டர் பக்கம் டிஸ்ப்ளே போர்ட், திரைப் பக்கம் எச்டிஎம்ஐ. டிவிஐ இருந்தா உங்களுக்கு அதிர்ஷ்டம். டிவிஐ-யிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு உள்ளே சிப் எதுவும் இல்லாத சாதாரண கேபிளே போதும், ஏன்னா படம் போற முறை ரெண்டுலயும் ஒண்ணுதான். சத்தம் மட்டும் பெரும்பாலும் வராது. ஆனா டிவிஐ-யிலிருந்து விஜிஏ-வுக்குப் போற சின்ன அடாப்டர் எல்லாத்துலயும் பொருந்தாது. அந்தத் தட்டையான பட்டை ஓட்டையைச் சுத்தி நாலு சின்ன ஓட்டை இருக்கான்னு பாருங்க. இருந்தா அனலாக்கும் வருது, அடாப்டர் போதும். நாலும் இல்லன்னா வராது.

கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே கிராபிக்ஸ் கார்டு மாட்டியிருந்தா, ரெண்டு திரையையும் அந்தக் கார்டுலயே மாட்டுங்க. கார்டு இருக்கும்போது பல மதர்போர்டுகள் தன்னோட துளைகளை அணைச்சு வச்சிடும். அதையும் பயன்படுத்தியே ஆகணும்னா பயாஸுக்குள்ள போய் 'ஐஜிபியூ மல்டி மானிட்டர்'ங்கற மாதிரி பேர்ல இருக்கிறதை ஆன் பண்ணணும். இன்னொரு விஷயம், இன்டெல் பிராசஸர் பேர் 'எஃப்' எழுத்துல முடிஞ்சா, அதுக்குள்ள கிராபிக்ஸே கிடையாது. மதர்போர்டுல துளை அழகா இருக்கும், படம் வராது.

ஒரே ஒரு துளைதான் இருக்கு, கார்டும் மாட்ட இடம் இல்லன்னா, யூஎஸ்பி-யிலிருந்து எச்டிஎம்ஐ கொடுக்கிற அடாப்டர் ஒண்ணு இருக்கு. அதுக்கு டிரைவர் சாஃப்ட்வேர் போடணும், படத்தை பிராசஸர்தான் சுருக்கி அனுப்பணும். ஸ்லைடுக்கும் பிடிஎஃப்-க்கும் நல்லாவே இருக்கும், வீடியோ பழைய கம்ப்யூட்டர்ல திக்கும். மற்ற கன்வெர்ட்டர்களைவிட விலையும் ஜாஸ்தி. இந்த நிலைமையில ஒரு பழைய, குறைஞ்ச விலை கிராபிக்ஸ் கார்டைத் தேடுறது நியாயமான செலவுன்னு நான் சொல்வேன். ஆனா கடைசி வழியாத்தான்.

வயர்லெஸ்ஸா அனுப்பலாமே அப்படின்னு கேட்பீங்க. அனுப்பலாம். மவுஸ் நகர்ந்து அரை நொடி கழிச்சு சுவத்துல நகரும். கணக்குப் போட்டுக் காட்டும்போது அது பெரிய எரிச்சல். கேபிள் இருக்கும்போது அந்தப் பக்கம் போகாதீங்க.

டூப்ளிகேட் போதும்ங்கறவங்களுக்கு, காசே செலவில்லாத வழி ஒண்ணு இருக்கு, இதை நிறைய பேர் கவனிக்கிறதில்ல. ஆஃபீஸ், காலேஜ்ல பயன்படுத்தின பழைய ப்ரொஜெக்டர்கள்ல பின்னாடி ரெண்டு விஜிஏ துளை இருக்கும். ஒண்ணு கம்ப்யூட்டர் உள்ளே வர்றதுக்கு, இன்னொண்ணு 'மானிட்டர் அவுட்'. கம்ப்யூட்டர்லருந்து ப்ரொஜெக்டருக்கு ஒரு விஜிஏ, மானிட்டர் அவுட்லருந்து மானிட்டருக்கு இன்னொரு விஜிஏ. ஸ்ப்ளிட்டர் வேலையை ப்ரொஜெக்டரே செய்யுது. ஒரு குறை, ப்ரொஜெக்டரை அணைச்சா மானிட்டரும் இருண்டுடலாம். ஸ்டாண்ட்பை செட்டிங்கை மெனுவுல மாத்தினா சிலதுல வரும். விஜிஏ-வுல வர்ற படம்தான் அந்த வழியா வெளியே போகும், எச்டிஎம்ஐ-ல வர்றது போகாது.

ஸ்ப்ளிட்டர்தான் வேணும்னா, கரண்ட் அடாப்டரோட வர்ற பெட்டியை வாங்குங்க. 'ஒய்' எழுத்து மாதிரி ஒரு முனை ரெண்டாப் பிரியற எச்டிஎம்ஐ கேபிளை வாங்காதீங்க. ரெண்டு திரைக்கும் ஒரே நேரத்துல படம் கொடுக்கிற சக்தி அதுக்குள்ள எதுவும் இல்ல. விஜிஏ-வுல ஒய் கேபிள் படம் கொடுக்கும், ஆனா சிக்னல் பங்கு போடப்படறதால ரெண்டும் மங்கலா இருக்கும். ஒரு தண்ணிக் குழாய்ல ரெண்டு ஹோஸ் மாட்டின கதை. அப்புறம், 'ஸ்விட்ச்'ன்னு விக்கிறது வேற. ரெண்டு கம்ப்யூட்டரை ஒரு திரைக்குக் கொண்டு வர்றது அது. பெட்டி மேல ஒரு இன்புட், ரெண்டு அவுட்புட்டுன்னு போட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க.

ஸ்ப்ளிட்டர்ல இன்னொரு தொல்லை உண்டு. ஒவ்வொரு திரையும் தன்னால எந்த ரெசல்யூஷன் காட்ட முடியும்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லும். ஸ்ப்ளிட்டர் நடுவுல உட்கார்ந்துக்கிட்டு ஒரே ஒரு பதிலைத்தான் சொல்ல முடியும். மானிட்டர் 1920-க்கு 1080, ப்ரொஜெக்டர் 1024-க்கு 768ன்னு வச்சுக்கோங்க. ஒண்ணு, மானிட்டர்ல எழுத்தெல்லாம் இழுத்து விட்ட மாதிரி தெரியும். இல்லன்னா ப்ரொஜெக்டர் படத்தைச் சுருக்கிக் காட்டும், சிலது 'சப்போர்ட் இல்ல'ன்னு கையை விரிச்சுடும். எக்ஸ்டெண்ட்ல இந்தத் தகராறே கிடையாது, ஒவ்வொரு திரைக்கும் அதனதன் அளவு தனி.

ரெசல்யூஷன் பேச்சு வந்ததால ஒரு வார்த்தை. விலை குறைஞ்ச எல்இடி ப்ரொஜெக்டர் பெட்டிகள்ல '1080பி சப்போர்ட்'டுன்னு பெரிசா போட்டிருப்பாங்க. அந்த சிக்னலை வாங்கிக்கும்னுதான் அதுக்கு அர்த்தம். உள்ளே இருக்கிற தகடு 800-க்கு 480 ஆகக் கூட இருக்கலாம். 'நேட்டிவ்' ரெசல்யூஷன் என்னன்னு தேடிப் பாருங்க. கடைசி பெஞ்சுப் பையனுக்கு வேதியியல் சமன்பாட்டுல கீழே இருக்கிற குட்டி எண் தெரியுதா தெரியலையாங்கறது அதுலதான் இருக்கு.

கேபிள் வந்தாச்சு, மாட்டியாச்சு. மாட்டும்போது ரெண்டு கருவியையும் அணைச்சுட்டு மாட்டுங்க. முக்கியமா, கம்ப்யூட்டரும் ப்ரொஜெக்டரும் சரியான எர்த் இருக்கிற மூணு பின் பிளக்குல இருக்கட்டும். முடிஞ்சா ஒரே லைன்ல இருந்து எடுங்க. நிறைய பழைய கட்டடங்கள்ல எர்த் வயரே இணைக்காம இருப்பாங்க. கேபினெட்டைத் தொட்டா சுருக்குன்னு இருக்குன்னா, அந்தக் கசிவு எச்டிஎம்ஐ கேபிள் வழியாவும் போகப் பார்க்கும், துளை எரிஞ்சு போகலாம். விஜிஏ-வா இருந்தா படத்துல பட்டை பட்டையா மேலே ஏறும். ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கிறது இந்த எபிசோட்ல நான் சொல்ற எல்லாச் செலவையும் விட அவசியமானது. பசங்க நடமாடுற இடம் வேற.

ஆன் பண்ணினதும் விண்டோஸ் பட்டன், 'பி', எக்ஸ்டெண்ட். அப்புறம் டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போய், ஒண்ணு ரெண்டுன்னு இருக்கிற கட்டங்களை, நிஜத்துல எந்தப் பக்கம் சுவர் இருக்கோ அந்தப் பக்கமா இழுத்து வைங்க. மானிட்டரை 'மெயின் டிஸ்ப்ளே' ஆக்குங்க. மெசேஜ் வந்தா அந்தக் குட்டிப் பெட்டி மெயின் திரையில மட்டும்தான் எட்டிப் பார்க்கும். பவர்பாயிண்ட்ல 'ப்ரெசெண்டர் வியூ'வை டிக் பண்ணினா, சுவத்துல ஸ்லைடு, மானிட்டர்ல ஸ்லைடும் உங்க குறிப்பும் அடுத்த ஸ்லைடும் தெரியும். லிப்ரே ஆஃபீஸ் பயன்படுத்துறவங்களுக்கும் இதே வசதி இருக்கு, ரெண்டாவது திரை இருந்தா தானாவே வந்துடும். உபுண்டு மாதிரி லினக்ஸ் போட்டிருந்தாலும் விண்டோஸ் பட்டனும் 'பி'யும்தான்.

சத்தம் காணோம்னு பயப்படாதீங்க. எச்டிஎம்ஐ மாட்டினதும் விண்டோஸ் சத்தத்தையும் ப்ரொஜெக்டருக்கே அனுப்பிடும், அதுல இருக்கிற ஸ்பீக்கர் கொசு மாதிரி ரீங்காரம் போடும். கீழே வலது மூலையில ஸ்பீக்கர் படத்தை அழுத்தி உங்க பழைய ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்க. விஜிஏ கன்வெர்ட்டர் வழியாப் போற ப்ரொஜெக்டர்ல ஓடிடி படம் கறுப்பாத் தெரிஞ்சா அதுவும் கோளாறு இல்ல. காப்பிப் பாதுகாப்பு விஜிஏ-வுல கிடையாது, அதனால சில சேவைகள் மறுத்துடும். யூடியூப் பாடங்கள் பொதுவா ஓடும்.

டீச்சர் ரெண்டு நாள் கழிச்சு மறுபடி மெசேஜ் போட்டாங்க. "எல்லாம் வேலை செய்யுது அண்ணா. ஆனா சாயங்காலம் ப்ரொஜெக்டரை ஆன் பண்ணாம மார்க் லிஸ்ட் திறந்தேன், ஃபைல் திறந்திருக்குன்னு கீழே காட்டுது, ஆளைக் காணோம்." அது காணாமப் போகல, இருட்டுச் சுவத்துல உட்கார்ந்திருக்கு. கடைசியா அந்த ஃபைலை எந்தத் திரையில மூடினோமோ அங்கேயே திறக்கும். ப்ரொஜெக்டர் ஸ்டாண்ட்பையில இருந்தாலும் கேபிள் மாட்டியிருக்கிறதால திரை இருக்குன்னே கம்ப்யூட்டர் நினைச்சுக்கும். டாஸ்க் பார்ல அந்த ஃபைலை ஒரு தடவை அழுத்திட்டு, விண்டோஸ், ஷிஃப்ட், அதோட இடது அம்புக்குறி, மூணையும் சேர்த்து அழுத்துங்க. விண்டோ ஒரு திரையிலிருந்து இன்னொரு திரைக்குத் தாவி வந்துடும். வகுப்பு இல்லாத நேரத்துல விண்டோஸ், 'பி' அழுத்தி 'பிசி ஸ்க்ரீன் ஒன்லி' வச்சுட்டா இந்தத் தேடலே வராது.

உங்க சிபியூ பின்பக்கத்துல நான் சொல்லாத வடிவத்துல ஏதாவது துளை இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல டைப் சி துளையைப் பத்திப் பேசப் போறேன், அதையும் சேர்த்துப் பார்த்துடலாம்.